அடுப்புப் பெட்டிச் சட்டம்

நேற்றுவரை சட்டமாக இருந்தது இன்றைக்குச் சட்டம் இல்லை என்றால், நேற்று அதை நம்பிப் படுத்தவன் காலையில் யாராக எழுந்திருப்பான்?

ஆர்டிஸ் இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் கெஸ்ஸனிக் வக்கீல்தான். அவரிடம் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நேரான பதில் ஒன்றைச் சொல்லிவிடுவார். அவளுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. கை வேலை செய்யும்போது மனது எதையாவது மென்றுகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய அலுவலகத்தின் பின்னறையில் திவால் சட்டப் புத்தகங்கள் மட்டும் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. தைத்த புத்தகங்கள் அல்ல. கனத்த கறுப்பு அட்டைக்குள் இரும்புக் கம்பிகளில் கோத்து வைத்த தாள்கள். சட்டம் மாறும்போதும், எங்கேயோ ஒரு நீதிபதி ஒரு வரிக்குப் புதுப் பொருள் சொல்லும்போதும், பதிப்பகத்திலிருந்து ஒரு கட்டு வரும். அதன் மேல் ஒரு குறிப்பு இருக்கும்: இந்தப் பக்கங்களை எடு, இந்தப் பக்கங்களை வை. ஆர்டிஸ் கம்பியின் பூட்டைத் திறந்து பழையதை உருவி, புதியதைக் கோத்து, மறுபடி பூட்டுவாள். படிப்பதில்லை. பக்க எண்ணை மட்டும் பார்ப்பாள். ஒரு தாள் இடம் மாறினால் அதைத் திறக்கிறவனுக்கு மொத்தப் புத்தகமும் பொய் சொல்லும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கெஸ்ஸனிக் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவள் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

உருவிய தாள்கள் அவள் வீட்டுக்குப் போகும். சர்ச்சில் வைத்திருக்கும் பைபிளின் தாள் மாதிரி மெல்லிசு. ஈர விறகைக்கூடப் பற்ற வைத்துவிடும். குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் பற்றியது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆப்பிள் பெட்டி நிறையத் தாள். அவள் கணவன் லைல் காலையில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இன்னிக்கு எந்தச் சட்டத்தைக் கொளுத்தலாம்?" என்று கேட்பான். தினமும் அதே வேடிக்கை. அவள் தினமும் கொஞ்சம் சிரித்து வைப்பாள்.

"ஆர்டிஸ், கொஞ்சம் வாங்க," கெஸ்ஸனிக் முன்னறையிலிருந்து கூப்பிட்டார். "நாளைக்கு எப்படிப் பேசறதுன்னு ஒரு தடவை பாத்துக்கலாம்."

"ஒரு புஸ்தகம் பிரிஞ்சு கிடக்கு. மூடிட்டு வந்துடறேன்."

"கிடக்கட்டும். அதுக்குக் காலா இருக்கு, ஓடிப்போக?"

வெளியே காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் மழை. பிப்ரவரியில் அது வந்தால் பனிப்புயலே பரவாயில்லை என்றுதான் இந்த மேட்டுப் பக்கம் சொல்வார்கள். மின்கம்பி கனத்துத் தொங்கியது. ஜன்னல் கண்ணாடியில் தெரு வளைந்து தெரிந்தது.

அவர் மேசைக்கு முன்னால் ஒரு மர பெஞ்சு உண்டு. இந்த மாவட்டத்துப் பால் பண்ணைக்காரர்கள் எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்து, பூட்ஸில் ஒட்டிய சாணி கரைந்து தரையில் வடிய, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்ததை ஆர்டிஸ் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். யாரிடம் பேசக்கூடாது, யாரிடம் பேசியே ஆக வேண்டும் என்பது அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஜனவரியில் அவளும் லைலும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குக் காபியை கெஸ்ஸனிக்கே போட்டுக் கொண்டுவந்தார். அதைக் குடிப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

விவசாயக் குடும்பங்களுக்கென்று திவால் சட்டத்தில் தனி அத்தியாயம் உண்டு. நிலமும் மாடும் கையில் இருக்கும். சில வருஷங்களுக்கு ஒரு திட்டம் போட்டு வங்கிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் நீதிமன்றம் வைத்த டிரஸ்டி கணவன், மனைவி இருவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். அது நாளைக்கு, லா கிராஸ் நகரத்தில்.

"மொதல்ல லைல், அப்புறம் நீங்க. கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். கதை வேணாம்."

"நான் என்னிக்குக் கதை சொன்னேன்?"

"நீங்க இல்ல, அவன். மாட்டைப் பத்திக் கேட்டா மழையில ஆரம்பிப்பான்." கெஸ்ஸனிக் தாளைப் புரட்டினார். "சரி, இப்ப நான்தான் டிரஸ்டின்னு வைங்க. கடந்த ரெண்டு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது எதையாவது குடுத்தீங்களா, வித்தீங்களா, பேர் மாத்தினீங்களா?"

"கிடேரிங்கதான். லைலோட தம்பி வெர்லினுக்கு வித்தோமே."

அவர் பேனா நின்றது. "எப்போ?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். சோளம் அறுத்த கையோட."

"தாக்கல் பண்ணினதுல அது இல்லையே."

சமையலறை மேசை அவள் நினைவுக்கு வந்தது. லைல் மனுவிலிருந்த கேள்விகளைப் படிக்க, அவள் பதில் எழுதினாள். ஒரு கேள்வியை அவன் வாய்க்குள்ளேயே படித்தான். அப்புறம், "இதுக்கு ஒண்ணுமில்ல, அடுத்தது," என்றான். அவள் ஒன்றுமில்லை என்று எழுதினாள். கேள்வி என்னவென்று அவள் பார்க்கவில்லை. பக்க எண்ணை மட்டும் பார்த்துப் பழகிய கண்.

"வெர்லின் எவ்வளவு குடுத்தான்?"

"தெரியல சார். தீவனக் கடைக்கு நேரா கட்டிட்டான்னு லைல் சொன்னான்."

கெஸ்ஸனிக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"கேட்டுட்டு இன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க. பணம் கைமாறியிருந்தா ஒண்ணுமில்ல, சேத்துடலாம். மாறலேன்னா, அதையும் நாமளே மொதல்ல சொல்லிடணும். டிரஸ்டி கிடேரியைத் திருப்பிக் கேப்பாரு. வெர்லினுக்குப் பெரிய அடி. உங்களுக்கும் கஷ்டம்தான். ஆனா வழின்னு ஒண்ணு இருக்கும். சத்தியம் பண்ணிட்டு அங்க உக்காந்து ஒரு பொய் வந்துதுன்னு வைங்க, வழியே கிடையாது. பண்ணை போகும். அதோட நிக்காது. நானும் உங்க வழக்கை விட்டுட்டு எந்திரிச்சு வெளிய வந்துடணும்."

"அவன் அப்படிப் பண்ணியிருக்க மாட்டான்."

"சரி," என்றார் கெஸ்ஸனிக். இரண்டாவது தடவை சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. "சரி."

பின்னறைக்குப் போய் அவள் பிரித்துப் போட்டிருந்த புத்தகத்தைப் பூட்டினாள். உருவிய தாள்களைப் பையில் போட எடுத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, அவற்றை அலுவலகக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மேட்டுச் சாலையில் கார் நடக்கிற வேகத்தில்தான் போனது. இரண்டு பக்கமும் சோளக் கட்டைகள் ஒவ்வொன்றும் கண்ணாடி உறை போட்டுக்கொண்டு நின்றன. ஹேகன் பண்ணையில் கொட்டகை விளக்கு எரியவில்லை. அந்த வளைவில் திரும்பும் யாரும் இப்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. செப்டம்பரில் டூயி ஹேகன் காலைக் கறவையை முடித்து, மாடுகளை மேய்ச்சலுக்கு விட்டு, பால் அறையைக் கழுவி விட்டுவிட்டுத்தான் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். கழுவி விட்டிருந்தார் என்பதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இறுதிச் சடங்குக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஹாம் ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் தங்களுக்குள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மாதத்தில் இந்த மேட்டில் பல வீடுகளிலிருந்து துப்பாக்கிகள் இடம் மாறின. ஒருத்தி துடைக்கக் கொடுத்தேன் என்றாள். ஒருத்தி அக்கா மகன் இரவல் கேட்டான் என்றாள். ஆர்டிஸ் லைலின் மான் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி அவன் தம்பி வெர்லினிடம் கொடுத்தாள். உங்கிட்டயே இருக்கட்டும் என்றாள். வெர்லின் காரணம் கேட்கவில்லை. லைலிடம், வெர்லினுடைய பெரிய பையன் வேட்டைக்கு வாங்கிப் போனான் என்று சொன்னாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் சூடு முகத்தில் அடித்தது. மாடுகளின் மூச்சுச் சூடு. சுவரின் உள்பக்கத்திலேயே மூலையில் பனி பூத்திருந்தது. பாலை உறிஞ்சுகிற பம்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. லைல் ஒரு மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, குனிந்து மடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, அந்தக் குளிர்காலத்தில் சட்டை தோளில் தொளதொளவென்று ஆகியிருந்தது.

"ரோடு எப்படி?"

"கண்ணாடி."

"பால் லாரி வந்துட்டுப் போயிடுச்சு. அவனுக்கு வாய் சும்மா இருக்குதா? 'லைல், நாளைக்கு சூட் போட்டுக்கிட்டுப் போவியா, இல்ல கருமாதிக்கு எடுத்து வெச்சிருக்கியா'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டுக்கும் ஒரே சூட்தான்டா இருக்குன்னேன்."

அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு கன்றுகளுக்குப் பால் கலக்கப் போனாள். கலக்கி, புட்டிகளைத் தொங்கவிட்டு, கன்றுகள் முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் திரும்பி வந்து அவன் இருந்த வரிசையில் நின்றாள்.

"கிடேரிக்கு வெர்லின் எவ்வளவு குடுத்தான்?"

பம்பு ஓடியது.

"எதுக்கு இப்ப?"

"கெஸ்ஸனிக் கேட்டார்."

"நீ ஏன் அவர்கிட்ட அதைச் சொன்னே?"

"கேட்டார், சொன்னேன். சொல்லக்கூடாததுன்னு எனக்குத் தெரியாதே."

லைல் அடுத்த மாட்டுக்கு நகர்ந்தான். "அது ஒண்ணும் ஆகாது. ஒரு வருஷம் தாண்டியாச்சு."

"எது?"

"ஒரு வருஷத்துக்குள்ள குடுத்ததைத்தான் அவங்க தோண்ட முடியும். தாண்டிட்டா முடியாது. அதான் ஜனவரி வரைக்கும் இழுத்தேன். நீ நவம்பர்லயே போலாம்னு குதிச்சே."

"அப்ப அவன் ஒண்ணும் குடுக்கல."

"எங்கேர்ந்து குடுப்பான்? நாம மூழ்கினா அதுங்களாவது மேல இருக்கட்டும்னு அனுப்பினேன். எல்லாம் முடிஞ்சதும் பாதியைத் திருப்பித் தர்றதாப் பேச்சு."

"ஒரு வருஷம்னு யார் சொன்னா?"

அவன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை.

"உன் புஸ்தகம்தான். அந்த வருஷம் ஒரு காலையில அடுப்பு மூட்டினேன், ஒரு தாள் பத்தவே இல்ல. ஈரம். எடுத்துப் பாத்தேன். சொந்தக்காரங்களுக்குக் குடுத்தது, ஒரு வருஷம், எல்லாம் தெளிவாப் போட்டிருந்துது. அடுப்பு வெளிச்சத்துல மூணு தடவை படிச்சேன் ஆர்டி. ஸ்கூல்லகூட நான் எதையும் அப்படிப் படிச்சதில்ல."

"லைல். அது ஏன் அடுப்புப் பெட்டில இருந்துச்சு?"

அவன் பார்த்தான்.

"அது சட்டமா இருந்தா அலமாரில இருந்திருக்கும். மாத்திட்டாங்க. இப்ப ரெண்டு வருஷம், கெஸ்ஸனிக் அப்படித்தான் கேட்டார். மாத்தினதாலதான் அது நம்ம வீட்டுக்கு வந்துச்சு. இங்க வர்றது எல்லாமே செத்துப்போனதுதான்."

அவன் கையில் இருந்த கறவைக் குவளை காற்றை உறிஞ்சிக்கொண்டு சீறியது. பக்கத்து மாடு காலைத் தூக்கி வைத்தது. அவன் அதை அடக்கக்கூட இல்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாதவன் மாதிரி, மாடுகளின் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தான்.

ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம். அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். பகல் முழுக்க அந்த அலமாரிக்கு முன்னால் நிற்கிறவள் நான், பக்கத்தில் படுத்திருந்தவள். எரியாத ஒரு தாளிடம் கேட்டான், என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதும் உடனே தெரிந்துவிட்டது. கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு வெர்லின் வந்தான். லைல்தான் கூப்பிட்டிருந்தான். வெர்லின் இளையவன், ஒல்லி, எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறவன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மேலே பாலாடைக்கட்டி உருகி வெந்த பாத்திரத்தை ஆர்டிஸ் அடுப்பிலிருந்து எடுத்து வைத்தாள். உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி வைத்திருந்தாள்.

"மஞ்சக் கடுதாசி குடுத்த வீட்டுல சாப்பாட்டுக்கு மட்டும் கொறச்சலே இல்லப்பா," என்றான் வெர்லின்.

"உக்காந்து தின்னு. பேச்சைக் கொற," என்றான் லைல்.

வெர்லின் இரண்டு வாய் சாப்பிட்டான். தட்டைத் தள்ளி வைத்தான். அதற்கு முன் அவன் அந்த வீட்டில் தட்டைத் தள்ளி அவள் பார்த்ததில்லை.

"ஆர்டிஸ், அதுங்க இப்பக் கிடேரி இல்ல. எல்லாம் கன்னு போட்டுப் பால் குடுக்குது. என் கொட்டகையில பாதி அதுங்கதான். அதுங்களைக் காட்டித்தான் வங்கியில கடன் வாங்கியிருக்கேன். அவிழ்த்துக்கிட்டுப் போனாங்கன்னா நானும் உன் வக்கீல் பெஞ்சுல வந்து உக்கார வேண்டியதுதான்."

"வா. அவர் உனக்கும் வழி சொல்லுவார்."

"எனக்கு வழி வேணாம். ஒரே ஒரு வார்த்தை வேணும்." அவன் அண்ணனைப் பார்த்தான். லைல் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதுங்க எங்க அப்பாவோட மாட்டு வம்சம். அப்பா எனக்குன்னு சொல்லிட்டுப் போனது. இங்க சும்மா நின்னு வளர்ந்துச்சு, பெரிசானதும் நான் ஓட்டிக்கிட்டுப் போனேன். அவ்வளவுதான்."

"உங்க அப்பா போய் எவ்வளவு காலம் ஆச்சு வெர்லின்? அதுங்க அப்புறம் பொறந்தது."

"அதான் வம்சம்னேன். பொறந்ததுன்னா சொன்னேன்?"

லைல் அப்போதுதான் வாயைத் திறந்தான். "பொறந்தது, பால் மறந்தது எல்லாம் நீதான் எழுதி வெக்கிறே. நான் சொன்னா அவங்க நூறு கேள்வி கேப்பாங்க. நீ சொன்னா ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டாங்க. வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கறவ. சர்ச்ல காணிக்கை எண்ணறவ. உன் மூஞ்சியைப் பாத்து யாரு சந்தேகப்படுவா?"

அந்த மூஞ்சியை அவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இருண்ட ஜன்னலில் பார்த்தாள். அந்தக் கிடேரிகள் கன்றாக இருந்தபோது எல்லாவற்றுக்கும் பூப்பெயர் வைத்தவள். ஒன்று பின்னங்கால் முதலில் வந்தபோது முழங்கைவரை கையை விட்டு இழுத்தவள். அது மூச்சு விடாமல் கிடந்தபோது மூக்கில் வைக்கோல் குச்சியைச் செருகித் தும்ம வைத்தவள். அது வெர்லினுடையது என்று ஒரு தடவை சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அப்புறம் கெஸ்ஸனிக் கேட்கும்போது இன்னொரு தடவை. கன்றுகளின் பிறப்பு எழுதி வைத்த அட்டைகளைத் திருத்தும்போது இன்னொரு தடவை. திட்டம் முடிகிறவரை வருஷாவருஷம். சர்ச்சில் காணிக்கை எண்ணும்போது, யாரும் கேட்காதபோதும். லைல் ஒரு தடவை செய்துவிட்டு மறந்துபோவான், அவன் அப்படித்தான். பூட்டிப் பூட்டி வைத்துக்கொண்டிருக்க வேண்டியது அவள்.

"நான் இன்னும் கெஸ்ஸனிக்குக்கு போன் பண்ணல," என்றாள். "நீயே பண்ணு லைல். நீ சொன்னா நல்லாருக்கும்."

கூரையிலிருந்து பனிக்கட்டி ஒன்று சரிந்து விழுந்தது. மூன்று பேரும் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டார்கள்.

வெர்லின் எழுந்து வெளியே போனான். வண்டியின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. போய்விட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் திரும்பி வந்தான். கையில் போர்வை சுற்றிய அந்த நீளப் பொருளை மேசையில், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"உங்கிட்டயே இருக்கட்டும்னு சொன்னியே. என் வீட்டுல இப்ப அது வேணாம் ஆர்டிஸ்." அவன் குரலில் வேடிக்கை எதுவும் இல்லை. "லைல் போன் பண்ணினதும் அதைத் துடைக்க எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியல."

லைல் போர்வையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"பையன் வேட்டைக்கு வாங்கிட்டுப் போனான்னே."

"பொய்தான் சொன்னேன்."

"டூயி ஹேகனுக்கு அப்புறம்."

"ஆமா."

"அப்ப என்னைப் பத்தி அப்படித்தான் நெனச்சே." அவன் மெதுவாகச் சிரித்தான். "நீயும் எனக்குத் தெரியாம ஒண்ணு பண்ணியிருக்கே. நான் ஒண்ணு, நீ ஒண்ணு. அன்னிக்குப் பயம் இருந்துச்சு இல்ல? இன்னிக்கும் கொஞ்சம் பயப்படு."

அவள் பயந்தாள். போர்வையோடு அதைத் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற முற்றத்தில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து, தன் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பாஸ்டர் வீட்டுக்கு போன் செய்து, நாளைக்குக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அவரும் காரணம் கேட்கவில்லை. வெர்லின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"வீட்டுக்குத்தானே போறே?"

"வேற எங்க போக?"

"பாஸ்டர் உன்னையும் வந்து பாக்கறேன்னார். கதவைத் திற. மாட்டேன்னு சொல்லிடாதே."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் வண்டியின் சிவப்பு விளக்குகள் மேட்டில் ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வீடு சேர்ந்திருக்கும் நேரம் பார்த்து, அவன் மனைவிக்குக் கூப்பிட்டு அவன் வந்துவிட்டானா என்று கேட்டாள். வந்துவிட்டான், கொட்டகையில் இருக்கிறான் என்றாள் அவள். போய்க் கூட இரு என்றாள் ஆர்டிஸ்.

லைல் அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தான். கல்யாணமான புதிதில் அப்படித் துடைப்பான்.

"சரி, பொய் சொல்ல வேணாம். வெர்லினோடதுன்னு நீ சொல்ல வேணாம். தெரியாதுன்னு மட்டும் சொல்லு. 'கிடேரி விஷயம் லைலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.' இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உண்மையே அதுதானே? நான் இன்னிக்கு வாயை மூடிக்கிட்டிருந்தா அப்படித்தானே சொல்லியிருப்பே?"

அது அவளை ஒரு கணம் நிறுத்திவிட்டது. சுடுதண்ணீரில் கை அசையாமல் இருந்தது. தெரியாது. எவ்வளவு சின்ன வார்த்தை. அவள் வாழ்க்கையில் பாதியை அந்த வார்த்தையில்தான் ஓட்டியிருக்கிறாள். படிக்காமல், எண்ணை மட்டும் பார்த்து. அது ஒரு நல்ல வேலைக்காரியின் குணம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். லைல் அந்தக் கேள்வியை வாய்க்குள் படித்தபோது அவள் தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். நிமிர்த்தவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பது சுகமாக இருந்தது.

"நீ சொல்லிட்டே லைல். இப்பத் தெரியும்."

"தெரியாத மாதிரி இருக்க முடியாதா?"

"அது எப்படி இருக்கறதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதான் வேணாங்கறேன்."

அவன் துடைத்த தட்டை அடுக்கில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

விடியும்போது மழை நின்றிருந்தது. உலகம் முழுக்க ஒரு கண்ணாடித் தோலுக்குள் இருந்தது. ஆப்பிள் மரத்தின் ஒரு கிளை பாரம் தாங்காமல் முறிந்து முற்றத்தில் கிடந்தது. இருவரும் கறவையை முடித்தார்கள். அவன் பால் அறையைக் கழுவும் சத்தம் கேட்டதும் அவள் கன்றுகளை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். லைல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் எதற்கு ஓடிவந்தாள் என்று அவனுக்குப் புரிந்தது. குழாயை அணைத்தான்.

"அதெல்லாம் இல்ல ஆர்டி," என்றான்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வெள்ளையாக வந்தது.

பாஸ்டர் வந்து போர்வையை வாங்கிப் போனார். வெர்லின் வீட்டுக்குத்தான் நேராகப் போகிறேன் என்றார். லைல் சூட் போட்டுக்கொண்டு வந்தான். கழுத்துப் பட்டி தொளதொளவென்றிருந்தது. வண்டியைக் கிளப்பிச் சூடேற விட்டுவிட்டு, அவன் அவளுக்கு எதிரே வாசற்படியில் நின்றான். அவள் கறுப்புக் கோட்டும் சர்ச்சுக்குப் போடும் காலணியும் அணிந்திருந்தாள்.

"நேத்து போன் பண்ணியா?" என்றான்.

"இல்ல. உனக்காக விட்டு வெச்சேன். உள்ள போறதுக்கு முன்னாடி கெஸ்ஸனிக்கிட்ட வாசல்லயே சொல்லிடலாம். நீ சொன்னா நான் பக்கத்துல நிக்கறேன். நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

"வெர்லின் என் தம்பி."

"தெரியும்."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

விடிந்ததிலிருந்து அவளும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகாது என்று சொல்ல அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, யாருக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பொய்யை முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிற வீட்டில், அந்தப் பயம் குறையாது என்று மட்டும் தெரிந்தது. சேர்ந்து இருட்டில் நிற்பார்கள், அவ்வளவுதான்.

லைல் நெருங்கி வந்தான். கோபம் எல்லாம் போயிருந்தது. முகம் சின்னப் பையன் முகம்போல ஆகியிருந்தது. அவள் கோட்டின் மேல் பொத்தானை, ஏற்கெனவே போட்டிருந்ததையே, திரும்பப் போடுகிறவன்போலத் தொட்டான்.

"சரி. நீ ஒண்ணுமே பண்ண வேணாம். உண்மையும் சொல்ல வேணாம், பொய்யும் சொல்ல வேணாம். வீட்டுலயே இரு. ரோடு இப்படி இருக்கு, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. உனக்குக் காய்ச்சல்னு நான் சொல்லிக்கறேன். இன்னொரு தேதி குடுப்பாங்க. அதுக்குள்ள ஏதாவது பாத்துக்கலாம். இவ்வளவுதான் கேக்கறேன் ஆர்டி. படுத்துக்கோ."

அவள் அவன் கையை எடுத்து ஒரு நிமிஷம் தன் கையில் வைத்துக்கொண்டாள். பால் அறைத் தண்ணீரில் வெடித்த விரல்கள். பிறகு அதை விட்டுவிட்டுப் படியிறங்கினாள். காலணி வழுக்கியது, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் அவள் பக்கத்துக் கதவு உறைந்து ஒட்டியிருந்தது. தோளால் ஒரு முட்டு முட்டினாள். பனிக்கட்டித் தூள் உதிர்ந்து கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் படியிலேயே நின்றான்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல லைல்," என்றாள்.